விளக்கை ஏன் அணைக்க வேண்டும்?

பெரம்பலூர் மாவட்டத்து ஒகளூரிலும், அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம், குழுமூரிலும் பழைய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சோழநாட்டுப் புத்தர்களை ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்தவர் முனைவர் பா. ஜம்புலிங்கம். இந்தச் சிலைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பல. ஓரிடத்தில் ரிஷி, இன்னோரிடத்தில் அமணர். வேண்டுதல் உண்டு, எண்ணெய்க்காப்பும் உண்டு. கேள்விப்பட்டதும் நம் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள்: சடங்கை மறுத்தவருக்கே சடங்கா?

சோழர் காலத்துப் பௌத்தர்கள் இப்படிச் சுளித்திருக்க மாட்டார்கள். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராசராசன் ஆனைமங்கலத்து வருவாயைப் பள்ளிச்சந்தமாக விட்டான். சிவன் கோயிலுக்குத் தேவதானம் விடுகிற அதே ஏற்பாடுதான். கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய ராசேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறித்து உறுதிசெய்தான். 1856 முதல் நாகையில் கிடைத்த வெண்கலப் புத்தர்களில் ஒன்றின் பீடத்தில், திருவிழாவில் எழுந்தருளச் செய்வித்தது என்றே எழுத்து இருக்கிறது. புத்தர் வீதியுலா போயிருக்கிறார்!

பூவும் விளக்கும் வேண்டாத தத்துவப் புத்தர் நமக்குப் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்கள் வழியே வந்தவர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர்கூடத் தீபாவளியையும் கார்த்திகையையும் தூக்கி எறியவில்லை. அவை பௌத்தர் பண்டிகைகள் என்று உரிமை கோரினார். 1956-இல் அம்பேத்கர் எடுப்பித்த உறுதிமொழிகள் கறாரானவை, உண்மைதான். புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்பதை அவை மறுக்கின்றன. அவர் உடைக்க நினைத்தது சாதியை. கிழவி ஏற்றும் அகல்விளக்கு அவருக்குப் பகையல்ல.

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்ட சிலையின் தலை துண்டிக்கப்பட்டு, சிமெண்டால் ஒட்டப்பட்டிருந்தது. அது புத்தர்தான் என்று 2022 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சிலையைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் என்று பலகை வைக்க வேண்டும் என்றது. இதுவரை சரி. கூடவே பூசை எதுவும் கூடாது என்றும் உத்தரவிட்டது. அடையாளத்தை மறைத்த அநீதி தீர வேண்டும், மறுப்பில்லை. ஆனால் கும்பிடுகிறவர் இல்லாத புத்தர் அருங்காட்சியகப் பொருள்தான். கொழும்பிலும் பாங்காக்கிலும் பௌத்தர்கள் அன்றாடம் பூ வைத்து, விளக்கேற்றித்தான் வணங்குகிறார்கள்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இரண்டு: சிலை இருக்கும் இடமெல்லாம் புத்தர் என்று எழுதிய பலகை, வெயிலில் கிடக்கும் சிலைக்கு ஒரு கூரை. கும்பிட வருகிறவர்களை விரட்ட வேண்டாம்.