இருமுறை வெளியேற்றப்பட்ட ஆசான்

"உனக்கேன் ஊர் வம்பு? படிக்கிற வேலையைப் பார்!" கல்லூரியில் கால் வைக்கும் நாளில் நம்மில் பலர் வீட்டில் கேட்ட அறிவுரை இது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்றுக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் கல்வி என்பது இவ்வளவுதானா? இந்த வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஒருவர் நம் மாவட்டத்து மண்ணில் வாழ்ந்தார். அவர்தாம் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான்.

1898இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த இவர், 1925இல் அமெரிக்க மிஷனின் போதகராக மதுரைப் பகுதிக்கு வந்தார். அந்நாளில் அயல்நாட்டுப் போதகர் எவரும், தம் சபையின் வாயிலாக ஆங்கில அரசுக்கு ஓர் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அரசுக்கு எதிராக எதுவும் செய்வதில்லை என்பது அதன் பொருள். "ஊர் வம்பு வேண்டா" என்பதன் அரசாங்க வடிவம் அது! அடிமை நாட்டில் ஆள்வோர்க்கு எதிராக வாய் திறவாதிருப்பதற்கு 'நடுநிலை' என்று பெயர் சூட்டியிருந்தனர்.

கெய்த்தான் கதர் உடுத்தினார். காந்தியடிகளின் வழியை மதித்தார். உப்பு அறப்போருக்குமுன், 1930 மார்ச்சில் அடிகள் எழுதிய மடலை வைசிராய் இர்வினிடம் கொண்டு சேர்த்தவர் ரெஜினால்டு ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கில இளைஞர். அவரைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றார் கெய்த்தான். விருந்தோம்பல் தமிழர்க்கு அறம். ஆட்சியாளர்க்கோ அது குற்றமாயிற்று. அவ்வாண்டே அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் வந்தார். பெங்களூரில் சேரி மக்களிடையே தொண்டு புரிந்தார். 1944இல் இரண்டாம் முறையும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப்பின் மறுபடியும் நம்மிடமே வந்து சேர்ந்தார்.

1947இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அதன் பணிகளில் கெய்த்தான் பங்கு கொண்டார். வத்தலக்குண்டுப் பகுதியிலும் ஆசிரம வாழ்வு வாழ்ந்தார். பூதான இயக்கத்தில் சிற்றூர்தோறும் நடந்தார். 1984இல் மறையும்வரை அவர் கைவிடாத பணி, இளைஞரைச் சிற்றூரின்பால் திருப்புவதே.

போதகர் சமயப்பணியை விட்டு அரசியலில் இறங்கலாமா என்று அன்று கேட்டோர் உண்டு. பசித்தவன் பக்கம் நிற்பதே அவர் கண்ட சமயப்பணி என்பது என் துணிபு. பூதானம் என்ன சாதித்தது என்று கேட்போரும் உண்டு. தானமாக வந்த நிலத்தில் பெரும்பகுதி பயிருக்கு உதவாததாகவோ பங்கிடப்படாமலோ போயிற்று என்பது மெய்தான்; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரின் பணியை மாணாக்கரைக் கொண்டும் அளக்க வேண்டும். பெங்களூர்ச் சேரியில் அவரோடு பணியாற்றிய இளைஞர் ஜெகந்நாதன். இவரும் துணைவியார் கிருஷ்ணம்மாளும் 1968இல் கீழ்வெண்மணிக் கொடுமைக்குப்பின் கீழைத்தஞ்சைக்குச் சென்று, நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கப் போராடினர்; 1981இல் லாஃப்டி என்னும் அமைப்பைத் தொடங்கி, அதன் வழியே உழைத்த பெண்களின் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்து தந்தனர். ஆசானின் விதை வேறு வயலில் முளைத்தது.

நாம் என்ன செய்யப் போகிறோம்? வேடசந்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு நூற்பாலை வண்டிகள் வருகின்றன. அவற்றில் ஏறிச் செல்லும் பெண்களில் நம்மோடு பள்ளியில் படித்தவர்களும் உண்டு. அவர்கள் வேலைக்குப் போனார்கள். நாம் கல்லூரிக்கு வந்தோம். வணிகவியல் படிக்கும் நமக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியும். வைப்புநிதிப் பிடித்தம் கணக்கில் ஏறியுள்ளதா என்று பார்க்கத் தெரியும். பொருளியல் மாணவருக்குக் குறைந்தபட்சக் கூலி ஆணையை எடுத்துரைக்க முடியும். ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் சிற்றூரில் தங்குகிறோம்; முட்புதர் வெட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லதே! அந்த ஏழு நாளில் இரண்டு மாலைகளையேனும் இப்பணிக்கு ஒதுக்கினால் என்ன?

இதற்காக எவரும் நம்மை நாடு கடத்தப் போவதில்லை. "உனக்கேன் ஊர் வம்பு?" என்று யாரேனும் கேட்கக்கூடும், அவ்வளவே. கடல் கடந்து வந்த ஒருவர் இருமுறை துரத்தப்பட்டும் நம் ஊரைத் தம் ஊராகக் கொண்டார். இந்த ஊரிலேயே பிறந்த நமக்கு அதன் துயர் மட்டும் எப்படி வம்பாகும்?