மொட்டை மாடி இல்லாதவனுக்கு என்ன மானியம்?

பி.காம். படிக்கிறதுல ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கும். எந்த அரசுத் திட்டத்தைப் பார்த்தாலும் "நல்லதா கெட்டதா"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "காசு யார் பாக்கெட்டுக்குப் போகுது"ன்னு கேட்கத் தோணும். இன்னைக்கு மாட்டினது சோலார் மானியம்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவிச்ச 'பி.எம். சூர்ய கர்' திட்டம். ஒரு கோடி வீடுகள், சுமார் 75,000 கோடி ரூபாய். உங்க வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டா முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். பேனல் மாட்டின பிறகுதான் பணம் பேங்க் கணக்குக்கு வரும். முதல்ல நம்ம கைக்காசு, இல்லைன்னா லோன்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்போ கணக்கு போடுவோம்.

1 கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். ரெண்டு மாசத்துக்கு 240. அரசு கணக்குல அதோட விலை 50,000. மானியம் போக நம்ம பங்கு 20,000.

ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் மட்டும் ஓட்டுற வீட்டை எடுத்துக்குங்க. 2016-ல் வந்த 100 யூனிட் இலவசம் போக, 2024 ஜூலை கட்டணப்படி பில் 235 ரூபாய். மொத்த பில்லையும் சோலார் மிச்சம் பிடிச்சாலே வருஷத்துக்கு 1,410 ரூபாய்தான். போட்ட காசு திரும்ப 14 வருஷம்! அதே 600 யூனிட் ஓட்டுற ஏ.சி. வீடு? 500-ஐத் தாண்டினா யூனிட் 8 ரூபாய்க்கு மேல. அதே பேனல் அங்கே ஒரு பில்லுக்கு 1,500 ரூபாய்க்கு மேல மிச்சம் பண்ணும். மூணு வருஷத்துக்குள்ள முதல் திரும்பிடும்.

ஆக, ரூபாய் ஒண்ணுதான். பலன் பெரிய பில் கட்டுறவருக்கு.

இதுவும் சொந்த மாடி இருந்தாத்தான். திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் வந்து பாருங்க. ஒரே கட்டடத்துல நாலு குடித்தனம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. பல இடத்துல ஹவுஸ் ஓனர் தனி மீட்டர் வெச்சு அவர் சொல்ற ரேட்டுக்குத்தான் கரண்ட் காசு. அந்த 100 யூனிட் இலவசமே குடித்தனக்காரர் கைக்கு வராது. பேனல் போட அவர் யாரு?

இத்தனைக்கும் ஊருக்கு கரண்ட் கொடுத்தது இந்தப் பக்கம்தான். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் இருந்து 2017 வரைக்கும் ஓடுச்சு. அத்திப்பட்டுல வடசென்னை அனல் மின் நிலையம், பக்கத்துல வல்லூர். சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலந்தது மீனவர்களைக் கேட்டா தெரியும். சாம்பல் எங்களுக்கு, மானியம் அண்ணா நகருக்கா?

அண்ணா நகர் மாடியில் பேனல் வந்தாலும் எண்ணூரில் எரியிற நிலக்கரி குறையுமேன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. குறையும். அதனால திட்டமே வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா சுத்தமான காத்துக்கு அரசு செலவு பண்ணும்போது, பில் குறையிற லாபமும் சேர்ந்து வசதியானவருக்கே போகணும்னு சட்டமா இருக்கு?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் வெளிக்காத்துல இருந்து சூட்டை எடுத்து வீட்டைக் கதகதப்பாக்கும் 'ஹீட் பம்ப்' மாட்ட 2023 அக்டோபரில் இருந்து 7,500 பவுண்ட் மானியம். அதுவும் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான், குடியிருக்கிறவர் கேட்க முடியாது.

வழி இருக்கு. எங்கேயோ ஒரு பொது மாடியில் பேனல், அதுல வர்ற யூனிட் பல வீட்டு பில்லில் கழிவு. டெல்லி 2019-லேயே இதுக்கு விதி போட்டுச்சு. மத்திய மானியமும் இந்த முறைக்கு உண்டு. பள்ளிக்கூட மாடி, வாரியக் குடியிருப்பு மாடி, துறைமுகக் கிடங்குக் கூரைன்னு வடசென்னையில் வெயில் காயிற இடத்துக்கா பஞ்சம்? அங்கே போட்டு, குடித்தனக்காரர் பேருக்கு யூனிட்டை எழுதட்டும்.

வெயில் எல்லார் தலையிலும்தான் அடிக்குது. மானியம் மட்டும் ஏன் பத்திரம் பார்த்து வருது?