ஆசானின் பயோடேட்டாவை யார் எழுதுவது?

ஒரு கல்லூரியில் நடந்த இசைக் கல்வி மாநாடு அது. இரண்டு நாள், ஐந்து பயிலரங்குகள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு, கடைசியாகப் பறை. பறை ஆசானை அழைத்துப் போகும் பொறுப்பு எங்களுடையது. வாசலில் கொடுத்த கையேட்டைப் புரட்டினோம். முதல் நான்கு பயிற்றுநர்களுக்கும் ஆளுக்கு அரைப் பக்கம். யாரிடம் பயின்றார், எங்கே முனைவர் பட்டம் வாங்கினார், எந்தச் சபாவில் பாடினார், வானொலியில் என்ன கிரேடு, எந்தெந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று எல்லாம் இருந்தது. ஆசானுக்கு ஒரே வரி. பெயர், ஊர், 'நாட்டுப்புறக் கலைஞர்'.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பறை அடிப்பவர். எங்களில் பாதிப் பேருக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரைப் பற்றி எழுத ஒரு வரிக்கு மேல் இல்லையாம்.

அமைப்பாளரிடம் கேட்டோம். "அவர் பயோடேட்டா அனுப்பலையே தோழர்" என்றார். உண்மைதான், அனுப்பவில்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் அந்தப் படிவத்தில் இருந்தவை நான்கு கட்டங்கள்: கல்வித் தகுதி, பணிபுரியும் நிறுவனம், வெளியீடுகள், விருதுகள். நான்கிலும் கோடு போட்டுத்தான் கொடுத்திருப்பார். மதிப்பூதியமும் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் தரப்பட்டது. பேராசிரியருக்கு ஒரு தொகை, உதவிப் பேராசிரியருக்கு ஒரு தொகை, 'மற்றவர்' என்று ஒரு தொகை. மற்றவருக்குக் கிடைத்தது பேராசிரியருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அந்தப் படிவத்தில் சாதி கேட்கும் கட்டம் கிடையாது. தேவையும் இல்லை. யாருடைய உழைப்பு 'தகுதி', யாருடைய உழைப்பு வெறும் 'பழக்கம்' என்று பிரிப்பதற்கு அந்த நான்கு கட்டங்களே போதும்.

இசை மாநாடு என்பதே பட்டதாரிகள் தொடங்கிவைத்த விஷயமும் அல்ல. 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தியவர் ஆபிரகாம் பண்டிதர். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டவர். அவர் தொழில் என்ன? முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு சித்த மருத்துவர். இன்றைய படிவத்தை நீட்டினால் அவரும் 'மற்றவர்' பட்டியலில்தான் வருவார்.

மிருதங்கப் பயிலரங்கையே எடுத்துக்கொள்வோம். வாசிப்பவர் வந்திருந்தார். அதைச் செய்பவர் வரவில்லை. எந்தத் தோல் எந்தப் பக்கத்துக்கு, எவ்வளவு கனம், எங்கே இழுத்தால் நாதம் எப்படி மாறும் என்பதெல்லாம் செய்பவரின் கையில் இருக்கும் அறிவு. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் பர்லாந்து என்ற தலித் கிறித்தவக் கைவினைஞர் இருந்தார். அந்தக் குடும்பத்தையும் மற்ற மிருதங்கக் கைவினைஞர்களையும் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ஆங்கில நூல் 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா ரத்து செய்தது நம் நினைவில் இருக்கிறது. இசைக் கல்வியாளர் பட்டியலில் இந்தக் கைவினைஞர்கள் இன்றும் இல்லை.

இவ்வளவு பேசிவிட்டு நாங்கள் செய்த தவறையும் சொல்ல வேண்டும்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஆசானின் குறிப்பை நாங்களே எழுதுவது என்று முடிவெடுத்தோம். அரைப் பக்கம் எழுதினோம். எத்தனை அடிகள் தெரியும், கட்டையைச் சேர்த்து, தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிப் பறையைத் தானே கட்டுவார், வைக்கோல் தீயில் காய்ச்சும்போது காதாலேயே பதம் சொல்வார் என்றெல்லாம் எழுதினோம். பெருமையாக இன்னொரு வரியும் சேர்த்தோம். இருபது ஆண்டுகள் சாவு வீடுகளில் பறை அடித்தவர் என்று. படித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டே இருந்தவர் அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத மட்டும் எடுத்துருங்க தம்பி. அந்த ஊர்லதான் எம் பொண்ணு டீச்சரா இருக்கு."

எங்களுக்குச் சுருக்கென்றது. பறை நம் விடுதலைக் கருவி என்று மேடையில் சொல்வது எளிது. அவருக்கோ அந்த இருபது ஆண்டும் கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நின்ற வேலை. வர முடியாது என்று சொல்ல வழியில்லாத வேலை. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று சிதம்பரம் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் போராடியதும், எத்தனையோ ஊர்களில் நம் பாட்டன்மார் பறையை உடைத்துப் போட்டதும் இதனால்தான். அந்த வரலாற்றை ஒருவருடைய பயோடேட்டாவில் 'அனுபவம்' என்று அவரைக் கேட்காமல் எழுத நமக்கு உரிமையில்லை. அவர்கள் ஒரே வரியில் அவரை முடித்தார்கள். நாங்கள் அவர் கேட்காத வரியை எழுதினோம். இரண்டிலும் அவர் வாயைத் திறக்க இடமில்லை.

அதே சமயம் இன்னொன்றும் நடக்கிறது. நகரங்களில் பறைப் பயிலரங்குகள் பெருகிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் ஆறு மாதம் கற்றுக்கொண்டு பயிற்றுநர் ஆனவர்களின் குறிப்பில் பொறியியல் பட்டம் இருக்கிறது, வேலை பார்க்கும் நிறுவனம் இருக்கிறது, கற்றுக்கொடுத்த ஆசானின் பெயர் மட்டும் இல்லை. கர்நாடக இசைக்காரர் எவரும் குரு பெயரை விட்டுவிட்டுத் தன் குறிப்பை எழுதுவதில்லை. நம்மில் சிலர் எழுதுகிறோம். படிவத்தைக் குறை சொல்லும் முன் நம் கையேடுகளை நாம் திருத்த வேண்டும்.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். சரி. ஆனால் தில்லியிலிருந்து விருது வந்தால்தான் அந்தக் கட்டம் நிரம்பும் என்றால், விருது வராத ஆசான்கள் எல்லோரும் ஒரு வரியிலேயே நின்றுவிடுவார்கள்.

கல்லூரிகளில் மாநாடு, பயிலரங்கு நடத்தும் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

குறிப்பை ஆசானிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் சொல்லட்டும்.

யாரிடம் கற்றார், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார், கருவியைத் தானே செய்வாரா, எந்த அடிகளில் தேர்ந்தவர் என்று கேளுங்கள். இவை தகுதிகள்தான். எல்லாப் பயிற்றுநர்களுக்கும் இதே கேள்விகளை வையுங்கள், வயலின் பேராசிரியர் உட்பட. ஒரே அளவு இடம் கொடுங்கள்.

மதிப்பூதியம் பயிலரங்கின் நேரத்துக்குத்தான், பட்டத்துக்கு அல்ல என்று முன்கூட்டியே நிர்வாகத்திடம் பேசுங்கள். "விதி இடம் தராது" என்பார்கள். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 'பிராபசர் ஆஃப் பிராக்டிஸ்' நெறிமுறையைக் காட்டுங்கள். துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநரைப் பட்டம் கேட்காமலே பேராசிரியராக அமர்த்தலாம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை என்கிறது அது. நிரந்தரப் பணியிடங்களையும் இடஒதுக்கீட்டையும் அது அரித்துவிடக்கூடாது என்ற நம் அச்சம் அப்படியே இருக்கிறது. ஆனால் தொழில் நிறுவன அதிகாரிக்குப் பட்டம் வேண்டாம், முப்பது ஆண்டு பறையடித்தவருக்கு மட்டும் வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது.

எங்கள் ஆசானின் குறிப்பு இப்போது பன்னிரண்டு வரி. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியது. முதல் வரியில் அவருடைய அப்பா பெயர் இருக்கிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சாவு வீட்டு வரி இல்லை. பயிலரங்கில் அதைப் பற்றி யாராவது கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.