ஆகாயத்தில் அகப்பட்டவரைக் காப்பாற்றுவது யார்?

ஆகாயக் கப்பலொன்று பழுதாகி, அதிலுள்ளோர் திரும்ப வழியின்றித் தவிக்க, மற்றவர்கள் போய் மீட்டு வருவதாகக் காட்டும் கார்ட்டூன் படங்களைப் பிள்ளைகள் ஆவலுடன் பார்க்கின்றார்கள். பெரியவர்கள் பலர் இதைப் பொம்மை விளையாட்டென்று தள்ளி விடுகின்றார்கள். நாம் அப்படித் தள்ளுவதற்கில்லை. ஏனெனில், ஆபத்தில் சிக்கியவன் எவ்விதம் தப்புகின்றான் என்று கதை சொல்லுகின்றதோ, அவ்விதமாகவே பிள்ளையின் புத்தியும் பழகி விடுகின்றது.

நமது புராணங்களிலும் மீட்புக்குப் பஞ்சமில்லை. முதலை வாயில் அகப்பட்ட யானை "ஆதிமூலமே" என்று கூவிற்றாம். உடனே கருடன்மேல் ஏறிச் சுவாமி வந்தாராம். கூவுவதைத் தவிர அந்த யானைக்கு வேறு வேலையே இல்லை.

தமிழ்ப் படக்காரர்களோ 1963லேயே வேறு மாதிரி ஒரு கதை சொன்னார்கள். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'யில், வேற்றுலகத்தார் கதாநாயகியைச் சங்கீதத்துக்காகத் தூக்கிப் போக, கதாநாயகன் அவ்வுலகத்துக்கே போய் மீட்டு வருகின்றான். சந்திரனில் மனிதன் கால் வைப்பதற்கு ஆறு வருஷம் முந்திய படம் அது. அதில் விஞ்ஞானம் சொற்பமேயானாலும், மீட்டவன் அவதாரமல்ல, மனிதன்.

கதை இருக்கட்டும். நிஜத்தில் நடந்ததென்ன? 1970 ஏப்ரலில் அப்போலோ 13 கப்பல் பூமிக்குச் சுமார் 3,20,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபோது அதன் பிராணவாயுத் தொட்டி வெடித்தது. உள்ளேயிருந்த மூவரும் சந்திரனில் இறங்குவதற்கென்று வைத்திருந்த சிறு கப்பலுக்குள் ஒதுங்கினார்கள். அங்கே அவர்கள் விட்ட மூச்சே விஷமாகத் தொடங்கிற்று. காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி சதுரம். அதைப் பொருத்த வேண்டிய துவாரமோ வட்டம். பூமியிலிருந்த எஞ்சினியர்கள், கப்பலிலுள்ள அட்டை, பிளாஸ்டிக் பை, குழாய், ஒட்டும் நாடா ஆகியவற்றைக் கொண்டே இரண்டையும் இணைக்க வழி கண்டு, ரேடியோ மூலம் சொல்லிக் கொடுத்தார்கள். ஏப்ரல் 17ல் மூவரும் உயிருடன் பசிபிக் கடலில் இறங்கினார்கள்.

"உலகமே பிரார்த்தனை செய்தது, அதனால்தான் பிழைத்தார்கள்" என்பார்கள் நமது பக்த சிகாமணிகள். அப்படியானால் 2003 பிப்ரவரி 1ல் கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டார்களே, அவர்களுக்காகப் பிரார்த்திக்க ஆளில்லையா? கிளம்பும்போதே டாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டொன்று அதன் இடது இறக்கையைத் தாக்கி விட்டது. அவ்விடத்தைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று எஞ்சினியர்கள் கேட்டார்கள். மேலதிகாரிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சேதம் முன்னதாகவே தெரிந்திருந்தால், அட்லாண்டிஸ் என்ற மற்றோர் ஓடத்தை அனுப்பி மீட்கச் சாத்தியம் இருந்திருக்கலாமென்று விசாரணைக் குழு பின்னால் எழுதிற்று. ஆகவே, அங்கே குறைந்தது பக்தியல்ல, கேள்விக்கு மரியாதை.

மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்தில், ஆபத்து வந்தால் பிரயாணிகள் இருக்கும் கூட்டைத் தனியே பிரித்துக் காப்பாற்றும் கருவியை நமது நாட்டார் 2023 அக்டோபர் 21ல் ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்தார்கள். கிளம்ப ஐந்து வினாடி இருக்கையில் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு நிறுத்திற்று. கோளாறைக் கண்டு சரிசெய்து, அன்றைக்கே காலை 10 மணிக்கு விட்டார்கள். அன்று சனிக்கிழமை, பஞ்சாங்கப்படி அது ராகுகாலம்! ஆளில்லாத அந்தக் கூடு பாரசூட்டில் இறங்கிக் கடலில் பத்திரமாய் விழுந்தது. ராகு ஒன்றும் செய்யவில்லை. சோதிக்காமல் விட்ட கோளாறுதான் செய்யும்.

வீரகேரளம்புதூர்த் தோழர்களுக்கு இது எங்கோ நடக்கும் விஷயமல்ல. பக்கத்து ஜில்லாவான திருநெல்வேலியிலுள்ள மகேந்திரகிரியில்தான், 2022 ஜனவரியில், ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை 720 வினாடி எரித்துச் சோதித்தார்கள். அந்த மலையை வைத்து நமது சித்திரக்காரர்கள் தமிழிலேயே ஒரு மீட்புக் கதை ஏன் எடுக்கக் கூடாது? அதில் வீரன், முதலில் "இது ஏன் இப்படி?" என்று கேட்ட பெண்ணோ பையனோவாக இருக்கட்டும்.

பெற்றோரையும் உபாத்தியாயர்களையும் நாம் கேட்பது ஒன்றே. படம் முடிந்ததும் பிள்ளை கேட்கும் கேள்வியை, "வாயை மூடு" என்று அடக்காதீர்கள். ஒரு நாள் ஏழு உயிரைக் காப்பது அந்தக் கேள்வியாகவே இருக்கலாம்.