குரலை மதிக்கும் முறை

மாமல்லபுரத்திற்கு வடக்கே, சாளுவன்குப்பத்தின் கடற்கரையில் அதிரணசண்ட மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை உள்ளது. அதன் சுவர்களில் ஒருபுறம் கிரந்த எழுத்திலும் மறுபுறம் நாகரி எழுத்திலும் வடமொழிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. காலகாலன் என்னும் பட்டம் பூண்ட வேந்தனின் இசையைப் பரதர், நாரதர் முதலியோரன்றி வேறு எவரும் அறிய வல்லரல்லர் என்பது அங்குள்ள ஒரு செய்யுளின் கருத்து. புகழ்ச்சி பெரிதுதான். ஆயினும், அவ்வேந்தன் பாடினானா, வீணை மீட்டினானா, கேட்டவர் வியக்கும்படி என்ன செய்தான் என்பவற்றுள் ஒன்றையும் அக்கல் சொல்லவில்லை. இசைவாணரைப் போற்றும் வழக்கம் இன்றும் பெரும்பாலும் அவ்வாறே உள்ளது. ‘தேன்குரல்’, ‘கந்தர்வ கானம்’ என்ற அளவில் பாராட்டு முடிந்துவிடுகிறது.

ஒருவர் எத்தகைய சூழலில், எதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது என்று அறிந்தாலன்றி அவர் பாட்டை மதிப்பிட இயலாது. ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகக் கொட்டகையை எண்ணிப் பார்க்கலாம். செங்கோட்டை கிட்டப்பாவும் (1906–1933) கொடுமுடி சுந்தராம்பாளும் (1908–1980) கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் சொல் சிதையாமல் சென்று சேரும்படி பாட வேண்டியிருந்தது. உச்சத் தாயியில் அவர்கள் நின்று பாடியதற்கு அதுவும் ஒரு காரணம். மேலைநாட்டு இசைநாடகமாகிய ஆப்பெராவில் இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோ (1873–1921), பெரும் வாத்தியக் குழுவின் முழக்கத்தைக் கடந்து தம் குரலை அரங்கின் மறுகோடிக்குச் செலுத்தியதும் இதே வகைத் திறம்தான். செவியில் பொருத்திய கருவியில் மெல்லிய குரலைக் கேட்டுப் பழகிய இளைஞர் பழைய இசைத்தட்டைக் கேட்டு, “ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?” என்பதுண்டு. குறை பாடியவரிடத்தில் இல்லை.

இதன் மறுதலையும் உண்மையே. பி.பி. சீனிவாஸ் ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் பாடிய குரல், ஒலிவாங்கியை அருகில் கொண்டு காதோடு பேசுவது போன்றது. கொட்டகையில் அது ஐந்து வரிசையைத் தாண்டியிராது. அதனால் அது குறைந்த கலையாகிவிடுமா? மூச்சு விடும் ஓசையும் கேட்கும் இடத்தில், சிறு பிசிறும் மறையாது என்பதை மறத்தலாகாது.

இவ்விரண்டினும் வேறான திறம் ஒன்று உண்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்தவர் டி.கே. பட்டம்மாள். லயத்தில் பெரும்புகழ் பெற்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பல்லவி பாடுதல் ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட நாளில் அதை மேடையில் விரித்துப் பாடினார். ஒரே ஒரு வரியை எடுத்து, தாளத்தின் ஓட்டம் மாறாதிருக்க, அவ்வரியின் வேகத்தை மட்டும் குறைத்தும் இரட்டித்தும் பாடி, மீண்டும் எடுத்த இடத்தில் பிசகாமல் வந்து சேர்வது எளிதன்று. இராகத்தை விரிப்பதும் சுரம் கோப்பதும் பாடகரின் அந்நேரக் கற்பனை. அமெரிக்காவில் ஜாஸ் இசையை வளர்த்த கறுப்பின மக்களுள் ஒருவரான லூயி ஆம்ஸ்ட்ராங் (1901–1971), யாவரும் அறிந்த மெட்டை எடுத்து, தாள அளவு குலையாமல் அதன்மீது புதிய மெட்டொன்றை அந்த நொடியிலேயே படைத்தார். இரண்டும் ஒன்றே என்று சொல்வது பிழை. அவ்விசை சுர அடுக்குகளின்மேல் நடப்பது, நம்மிசை இராகத்தின் வழி நடப்பது. ஆயினும் இரண்டிலும், முதலில் இருந்தது யாது என்று அறிந்த செவிக்கே புதிதாய்ச் சேர்ந்தது புலப்படும்.

பட்டம்மாளுக்கு 1970இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. ‘செவ்விசை உயர்ந்தது, திரையிசை தாழ்ந்தது’ என்று பிரிப்போர், அவரே ‘நாம் இருவர்’ (1947) திரைப்படத்திற்காகப் பாரதியார் பாடல்களைப் பாடியதை எப்பக்கம் வைப்பர்? அங்கே பல்லவிக்கு இடமில்லை. கிடைத்தவை சில நிமிடங்கள். பாரதியின் சொல்லே முன்னிற்க வேண்டும். தாளக் கணக்கில் வல்லவர் அக்கணக்கைச் சிறிதும் காட்டாமல் அடக்கிப் பாடியிருக்கிறார். அவர் பாடிய பல்லவி ஒன்றையும் கேட்டுவிட்டு அப்பாடல்களுக்குத் திரும்பினால், அவர் எவற்றையெல்லாம் செய்யாமல் விட்டார் என்பது செவிக்குத் தெரியும்.