மூன்றில் ஒன்று: இந்தக் கணக்கில் நம் ஊர் இருக்கிறதா?

2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை நம்மைக் கவலைப்பட வைக்கிறது. 2023-ல் ஆய்வகப் பரிசோதனையில் உறுதியான பாக்டீரியா தொற்றுகளில் ஆறில் ஒன்று ஆண்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படவில்லை. இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மூன்றில் ஒன்று! ஏதோ அபூர்வக் கிருமிகள் அல்ல. நம் வீட்டுப் பெண்களுக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான இ.கோலையும் இதில் அடக்கம்.

104 நாடுகள், 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள். இவற்றை ஒன்றாகக் கூட்டுவது எளிதல்ல. ஒரே நோயாளியின் மாதிரி நான்கு முறை ஆய்வகத்துக்கு வந்தால் அதை நான்காக எண்ணக் கூடாது. ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு செய்தி பத்து நூல்களில் இருந்தாலும், அறிவிப்பாளர் வரிசைகள் எல்லாம் ஒரே மனிதரில் போய் முடிந்தால் முஹத்திஸ்கள் அதைப் பத்து சாட்சிகளாகக் கொள்வதில்லை. கரீப் என்றே சொல்வார்கள். யார் சொன்னது என்பதைப் போலவே, யாருடைய சொல் வந்து சேரவில்லை என்பதும் முக்கியம்.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் ஒரு கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்றவை அதில் உள்ளன. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வலையமைப்பு தனி. அதுவும் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்ததே. அங்கே வந்து சேருபவர்களில் பலர் ஏற்கனவே இரண்டு மூன்று மருந்துகள் தின்று பலனில்லாமல் வந்தவர்கள். ஆகவே மூன்றில் ஒன்று என்பது நம் தெருவின் நிலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதற்காக மிகை என்று தள்ளிவிடவும் முடியாது.

நம் தெரு ஏன் கணக்கில் இல்லை? காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் நாமே மாத்திரை கேட்டு வாங்குகிறோம், இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறோம். முக்கியமான பல ஆண்டிபயாட்டிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. (மஸ்ஜித் வாசலில் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?) கல்ச்சர் பரிசோதனை நடக்காத இடத்தில் எண்ணவும் ஒன்றுமில்லை. சிற்றூர் மருத்துவர் முதல் மருந்தை அனுமானத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது தவறினால் நாட்கள் வீணாகும், வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்த நாட்கள் உயிர் சம்பந்தப்பட்டவை.

பக்கத்திலுள்ள கேரளம் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்று தன் மாநிலத்துக்கான அட்டவணையையே வெளியிடுகிறது. மருத்துவ முகாம் நடத்தும் நம் ஜமாஅத்துகள், அரசு மருத்துவமனைக்குப் போய் நம் மாவட்டத்தின் கணக்கு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.