தலைகீழ் நியாயம்

புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மணிமேகலையிலேயே இந்த நியாயம் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் இதையே திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று சொன்னால், கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு அதைப் பொய்யாக்கிவிடும். இப்படித் திருப்புவதற்குக் கணக்கு வாத்தியார்கள் மறுதலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகை இல்லாவிட்டால் நெருப்பும் இல்லை என்பதும் அதே பொய்யின் வேறு வேஷந்தான். நெருப்பு இல்லாவிட்டால் புகையும் இல்லை என்பது ஒன்றே முதலில் சொன்னதோடு கூட நிற்கும். ஒன்று மெய்யானால் மற்றதும் மெய்.

இது பள்ளிப் பிள்ளைகள் சங்கதிதானே என்று சிலர் கேட்கலாம். பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு மந்திரவாதி வீட்டிற்கு ஓடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகின்றோம். 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

மந்திரத்திற்குச் சக்தி இருந்தால் கடிபட்டவன் பிழைப்பான் என்கிறார்கள். வாதத்திற்காக ஒப்புக்கொள்வோம். ஒருவன் பிழைத்துவிட்டால் உடனே "பார்த்தீர்களா சக்தியை" என்று ஊரெல்லாம் பேச்சு. இது தலைகீழ் நியாயமல்லாமல் வேறென்ன? விஷமில்லாத பாம்புகள் அநேகம். விஷப் பாம்புங்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிடுகிறது. அப்படிக் கடிபட்டவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். எது எப்படிப்பட்ட கடி என்பதை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

மற்றொருவன் செத்துப்போகிறான். இங்கேதான் செல்லுகிற நியாயம் வருகிறது: பிழைக்கவில்லை, ஆதலால் மந்திரத்திற்குச் சக்தியில்லை. இதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. "அவன் விதி முடிந்தது" என்று மந்திரவாதியைத் தப்பவிட்டுவிடுகிறார்கள். செல்லாத காசைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, செல்லுகிற காசைத் தெருவில் எறிகிறவனுக்கு என்ன பெயர் கொடுப்பது?

ஊசி போட்டுப் பிழைத்தவனைக் காட்டுவதும் தலைகீழ்தானே என்று ஒரு நண்பர் மடக்கலாம். நல்ல கேள்வி. ஒருவன் பிழைத்ததை மாத்திரம் காட்டி வைத்தியர் பேசினால் அதையும் நாம் ஒப்பமாட்டோம். ஆனால் விஷமுறிவு மருந்தின் ஒவ்வொரு தயாரிப்பையும் அளந்து பரீட்சை செய்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குறித்த அளவு முறிக்காவிட்டால் அதைத் தள்ளிவிடவேண்டியதுதான். மந்திரவாதி என்றைக்காவது தன் மந்திரம் ஒன்றைப் பலிக்கவில்லையென்று தள்ளியதுண்டா என்று கேட்கின்றோம்.